ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: ஒரு கிராம நர்ஸின் வழிமுறை

ஊர்க் கிறிஸ்தவக் கோயில் கல்லறையின் வரலாற்றை எழுதலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெரிய கல்லறைகளைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். சாமியார்களின் கல்லறை, ஊர்ப் பெரிய குடும்பத்தின் கல்லறை, பளபளவென்று கருப்பு கிரானைட்டில் முகம் பொறித்த புதுக் கல்லறை. அதோடு நிறுத்திவிட்டால் கல் வைக்க வசதி இருந்தவர்களின் வரலாறு மட்டும்தான் கிடைக்கும்.

நான் பாலக்கோட்டுப் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை நின்றது என்று எழுதுவதே என் தொழிலாக இருந்தது. எங்கள் பங்குக் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் வரும் ஊர்களைப் பங்கு என்போம்) கல்லறையில் கல்லோடு இருப்பவர்கள் கொஞ்சம் பேர். வெறும் மண்மேடாகவும், மேடுகூட இல்லாமல் தரையோடு தரையாகவும் இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. பிரசவத்தில் போனவர்கள், பேர் வைக்குமுன் போன பிள்ளைகள், பஞ்சத்திலும் பேதியிலும் ஒரே வாரத்தில் போன குடும்பங்கள். அவர்களுக்கும் பேர் இருந்தது. பெரும்பாலும் அது எங்கோ எழுதியும் இருக்கிறது. தேடி எடுத்து, அவர்கள் கிடக்கும் மண்ணோடு சேர்த்து எழுதுவதுதான் இந்த வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி, பி.பள்ளிப்பட்டி போன்ற பங்குகளிலோ அவற்றின் துணை ஊர்களிலோ யாராவது இதைத் தொடங்க நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அனுமதியும் காலமும்

பங்குத்தந்தையிடம் வாயால் கேட்டால் போதாது, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அதன்மேல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாமியார்கள் சில ஆண்டுகளில் மாறிப் போவார்கள். புதிதாக வருபவருக்கு உங்களைத் தெரியாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் போதகரோடு சேகரக் குழுவிடமும் சொல்லிவிடுங்கள். ஞாயிறு பூசை முடிந்த பிறகு அறிவிப்பில் ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள். கல்லறைக்குள் நோட்டும் டேப்பும் வைத்துக்கொண்டு நடமாடினால், இடத்தை அளந்து யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அன்று சாயங்காலமே கிளம்பிவிடும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரம் எல்லோரும் வந்து புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, எழுத்துக்குப் பெயிண்ட் பூசுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்தின் பள்ளத்தை மூடிவிடும். பெயிண்ட் பூசுகிற பையன் புரியாத எழுத்தைத் தனக்குத் தெரிந்த எழுத்தாக மாற்றிவிடுவான். அதனால் கல்லைப் படிக்கிற வேலையைத் திருநாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பொங்கல் முடிந்து மாசி, பங்குனியில் போங்கள். மழையில் வளர்ந்த களை காய்ந்திருக்கும், பாம்பு மறைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். திருநாளன்று வேறு வேலை இருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

தரையை எழுதுவது

கல்லைத் தொடும் முன் தரையை வரையுங்கள். வாசலிலிருந்து தொடங்கி வரிசைக்கு அ, ஆ, இ என்று பேர் வையுங்கள், வரிசைக்குள் 1, 2, 3. மதில் மூலையிலிருந்து ஐம்பது மீட்டர் டேப்பால் அளந்து எழுதுங்கள். போனில் வரும் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். இரண்டு கல்லறைக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும் இடத்தில் அது உதவாது.

கல் இல்லாத இடத்துக்கும் எண் கொடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, இதுதான் முக்கியம். சுற்றிக் கல் அடுக்கிய மேடு, தலைமாட்டில் நட்ட எழுத்தில்லாத பலகைக்கல், இற்றுப்போன மரச்சிலுவையின் அடிக்கட்டை, ஒரே வரிசையில் நித்தியகல்யாணி பூத்திருக்கும் துண்டு நிலம், எல்லாம் பட்டியலில் வர வேண்டும். நீளத்தையும் அளந்து எழுதுங்கள். மூன்று அடிக்குக் குறைந்த மேடு என்றால் அது பெரும்பாலும் பிள்ளையினுடையது.

மண்ணுக்கடியில் இருப்பதை அறிய குழி வெட்டுகிறவரை விட்டால் வேறு ஆள் இல்லை. எங்கள் ஊரில் அப்பாவுக்குப் பிறகு மகன் என்று அந்த வேலையைச் செய்துவரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கிழக்கு மதில் ஓரம் காலியாகக் கிடந்த இடத்தில் மூலைக்குச்சி அடிக்கக் கடப்பாறையைத் தூக்கினேன். "அங்க போடாதீங்கம்மா, கொழந்தைங்க இருக்குதுங்க" என்றார். எத்தனை என்று கேட்டதற்கு, "எங்கப்பன் காலத்துல இருந்தே அங்க வெட்டறதில்ல, சின்னச் சின்ன எலும்பா வரும்" என்று சொன்னார். எந்தக் காகிதத்திலும் இல்லாத செய்தி அது. வரைபடத்தில் அந்தத் துண்டைக் கோடிட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் எழுதினேன். எந்தக் குழி எத்தனை முறை திறக்கப்பட்டது, எந்தக் குடும்பம் பழைய எலும்பைத் துணியில் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டு மேலே அடுத்தவரை அடக்கியது என்பதும் இவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கல்லுக்கு ஓர் ஆள் என்று எண்ணினால் கணக்கு தப்பிவிடும்.

மதிலுக்கு வெளியேயும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கோயில் அடக்கத்தை மறுத்தது. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைகளையும் மந்திரித்த (செபித்துப் புனிதப்படுத்திய) மண்ணுக்கு வெளியேதான் வைத்தார்கள். 1983-ல் வந்த புதிய சட்டம் அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து தற்கொலையை நீக்கியது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் நினைத்திருந்த பிள்ளைக்குக் கோயில் அடக்கம் தர ஆயர் அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. அதற்கு முன்னால் போனவர்கள் இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம், கள்ளிப் புதருக்கடியில் கிடக்கிறார்கள். அவர்களையும் நம் வரைபடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறையும் சாதியால் பிரிந்துதான் இருக்கிறது. நடுவில் சுவர், தனி வாசல், சில இடத்தில் தனி நிலமே. உங்கள் ஊரில் அப்படி இருந்தால் எந்தப் பக்கம் யார், சுவர் எப்போது வந்தது, எப்போது இடிந்தது என்று எழுதுங்கள். கோயில் வெள்ளிவிழா மலரில் இதை விட்டுவிடுவார்கள். நீங்களும் விட்டுவிட்டால் அந்தப் பக்கத்தில் கிடப்பவர்களை இரண்டாவது முறையும் வெளியே தள்ளியதாகிவிடும்.

கல்லைப் படிப்பது

நம் மாவட்டங்களில் கல்லுக்குப் பஞ்சமில்லை. செத்தவருக்குக் கல் நடுவது இங்கே கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம், மல்லசந்திரம் மலையில் அதைவிடப் பழைய கல்திட்டைகள் நிற்கின்றன. ஆனால் ஊர்க் கல்லறையில் பழைய எழுத்து பெரும்பாலும் கருங்கல்லில் இருக்காது. செங்கல் கட்டி மேலே சுண்ணாம்புக் காரை பூசி, ஈரம் காயும் முன் ஆணியால் கீறிய எழுத்துதான் அதிகம். அப்புறம் கடப்பாக்கல். காரை எழுத்தை விரலால் தேய்த்தாலே உதிரும். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ மாவோ தடவுவதும் வேண்டாம். மென்மையான பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டினால் போதும். கடப்பாக்கல்லாக இருந்தால் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், ஈரத்தில் எழுத்து எழும்பும்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். காலை ஏழு மணிக்குள் போங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில்தான் முடியும் என்றால் ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கல்லின்மேல் சாய்வாகத் திருப்ப வேண்டும். ஒன்றுமே இல்லை என்று விட்ட கல்லில் அப்போது இரண்டு வரி தெரியும். ஒவ்வொரு கல்லறைக்கும் மூன்று படம் எடுங்கள்: முழுசாக ஒன்று, எழுத்து மட்டும் ஒன்று, அக்கம்பக்கக் கல்லறைகளோடு ஒன்று. வரிசை எண்ணை ஒரு சிலேட்டில் எழுதி, படத்தில் தெரிகிற மாதிரி பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.

படித்ததை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. மேலே சுருண்ட பழைய லை, ளை, னை இருந்தால் பெரும்பாலும் 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. கொத்தனார் பழக்கத்தில் அதற்குப் பிறகும் கொஞ்சகாலம் அப்படியே வெட்டியிருக்கலாம். 'சேசு', 'சர்வேசுரன்' என்று இருந்தால் பழைய கத்தோலிக்க வழக்கு. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருந்தால் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன் குடும்பம். கத்தோலிக்கக் கல்லறைக்குள் அப்படி ஒரு கல் இருந்தால் மருமகளாக வந்தவரா என்று விசாரியுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமோ தெலுங்கோ எழுதிய கல்லும் வரலாம்.

தேதி விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எங்கள் கல்லறையின் தென்மேற்கு மூலையில் ஒரு காரைக் கல்லறை இருக்கிறது. கால்வாசி உதிர்ந்துவிட்டது. அதில் ஒரு பேருக்குக் கீழே 'கஅஎஎ' என்று இருப்பதாக ஊரில் சொல்வார்கள். வீட்டுப் பேராக இருக்கும் என்று ஒரு கதையும் உண்டு. காலை வெயிலில் பார்த்தபோது அது தமிழ் எண் என்று புரிந்தது: ௧௮௭௭. ௧ என்பது க மாதிரி, ௮ என்பது அ மாதிரி, ௭ என்பது எ மாதிரி இருக்கும். இதையே ௲௮௱௭௰௭ என்றும் எழுதுவார்கள், ஆயிரத்து எட்டு நூற்று எழுபத்தேழு. அதற்கு மேல்வரியில் ௵, ௴, ௳ என்ற குறிகள் இருந்தன. வருஷம், மாதம், நாள். படித்துப் பார்த்தால் தாது வருஷம் மாசி மாதம்.

தமிழ் வருஷப் பேர் மட்டும் இருந்தால் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பேர் வரும். தாது என்பது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் போய்விடும். எங்கள் கல்லில் இரண்டும் பொருந்தின: தாது வருஷ மாசி என்பது 1877 பிப்ரவரி-மார்ச். தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில் இறந்தவர் அவர். அந்த நேரத்தில் காரை பூசிக் கல்லறை கட்ட முடிந்த குடும்பம் ஒன்றுதான். மற்றவர்களைத் தேட அடக்கப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும்.

அடக்கப் புத்தகம்

பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கும். இவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே மேஜையில் விரித்து வைத்துப் பாருங்கள். கை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். பழைய மை காகிதத்தை அரித்திருக்கும், பக்கத்தை வேகமாகத் திருப்பினால் எழுத்தே விழுந்துவிடும். கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டுவதும், பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்வதும் புத்தகத்தைக் கொல்கிற வேலை. ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள், காலிப் பக்கம் உட்பட.

பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வருவது பத்துப் பதினைந்து சொற்கள்தான். 'ஓபியித்' என்றால் இறந்தார், 'செபுல்துஸ்' என்றால் அடக்கப்பட்ட ஆண், 'செபுல்தா' என்றால் பெண். 'ஃபீலியுஸ்' மகன், 'ஃபீலியா' மகள், 'உக்ஸோர்' மனைவி, 'இன்ஃபன்ஸ்' குழந்தை. பேர்களும் லத்தீனாகியிருக்கும்: பேத்ருஸ் என்றால் நம் இராயப்பன், பவுலுஸ் என்றால் சின்னப்பன், யோவான்னஸ் என்றால் அருளப்பன், யோசெஃபுஸ் என்றால் சூசை, க்ஸவேரியுஸ் என்றால் சவரி. மாதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 7 என்று எண்ணைப் போட்டு அதை ஒட்டி 'பிரிஸ்' என்று சுருக்கியிருந்தால் ஜூலை என்று எழுதிவிடாதீர்கள், அது செப்டம்பர். 8 என்றால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

இந்தப் புத்தகத்தை நர்ஸாகப் படித்தது எனக்கு உதவியாக இருந்தது. வருஷம் வருஷமாகப் படிக்காமல், ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, இறந்தவர்களை வயதுவாரியாகக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். சாதாரண வருஷத்தில் கட்டங்கள் ஒன்றுபோல இருக்கும். திடீரென ஒரு கட்டம் நிரம்பி வழிந்தால் அங்கே ஏதோ வந்திருக்கிறது. எல்லா வயதிலும் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் வந்து போனால் பெரும்பாலும் வாந்திபேதி. பிள்ளைகளாகவே இருந்தால் அம்மையாக இருக்கலாம். பெரியம்மை நம் நாட்டைவிட்டுப் போனது 1975-ல்தான். 1918 அக்டோபர், நவம்பரில் இருபது முப்பது வயதுக்காரர்கள் வரிசையாக இருந்தால் அந்த வருஷத்து விஷக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்ஸா). மனைவி இறந்த பதிவும் 'குழந்தை' என்ற பதிவும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ ஒரே வீட்டில் இருந்தால் அது பெரும்பாலும் பிரசவ மரணம், யாரும் அப்படி எழுதியிருக்காவிட்டாலும். ஞானஸ்நானப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் உறுதியாகும்: காலையில் அவசர ஞானஸ்நானம், மாலையில் அடக்கம். பிள்ளைக்கு அந்த அவசரத்தில் வைத்த பேர் அங்கே இருக்கும். அந்தப் பேரை எடுத்து எழுதுகிறபோது எனக்குக் கை நின்றுவிடும். அந்த அம்மாவைத் தவிர அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பஞ்ச வருஷங்களில் பெரியவர்களுக்கும் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் கொடுத்திருப்பதைப் பார்க்கலாம். சிலருக்கு ஊர்ப்பேர்கூட இருக்காது, வழியில் விழுந்தவர்கள். அவர்களையும் பட்டியலில் சேருங்கள். பெண்களின் விஷயத்தில் கல்லைவிடப் புத்தகம் நியாயமாக நடந்துகொண்டிருக்கிறது. கல்லில் 'இன்னார் மனைவி' என்று மட்டும் இருக்கும். புத்தகத்தில் அவள் பேரும் இருக்கும், பல நேரம் அப்பா பேரும் இருக்கும்.

உங்கள் பங்கில் பழைய புத்தகம் இல்லையென்றால் வேறு இடத்தில் இருக்கலாம். தர்மபுரி மறைமாவட்டம் 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. சேலம் மறைமாவட்டமே 1930-ல் கும்பகோணம், மைசூர், புதுச்சேரி ஆகிய மூன்று மறைமாவட்டங்களிலிருந்தும் பகுதிகளை எடுத்து உண்டாக்கியது. அதனால் உங்கள் ஊர் 1930-க்கு முன் எதில் இருந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர் அப்போது துணை ஊராக இருந்திருந்தால் பதிவு தாய்ப் பங்கில் கிடக்கும். கல்லறையில் பிரெஞ்சுச் சாமியார் யாராவது இருந்தால் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவராக இருக்கலாம். அந்தச் சபையின் ஆவணக் காப்பகம் பாரிஸில் இருக்கிறது, தன் குருக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இணையத்திலும் வைத்திருக்கிறது. எந்த வருஷம் எந்த ஊரில் இருந்தார் என்பதிலிருந்து உங்கள் கோயிலின் தேதியையும் பிடிக்கலாம்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் லுத்தரன் கல்லறையையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க மிசௌரி லுத்தரன் சபை இந்தியாவில் வேலையைத் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான், 1895-ல். தொடங்கிவைத்த தியோடர் நேதர் 1904-ல் அங்கேயே பிளேக்கில் இறந்தார். பெங்களூருக்கு 1898-ல் பிளேக் வந்த பிறகு நம் பக்கமும் அந்தப் பயத்திலேயே இருந்தது. அந்த ஆண்டுகளின் பதிவில் ஒரு வீடே காலியாகியிருந்தால் பிளேக்கா என்று யோசியுங்கள். லண்டன் மிஷன் 1827 முதல் சேலத்தில் இருந்தது. அதன் பழைய கடிதங்கள் இப்போது லண்டனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரர்களின் கல்லறை வாசகங்களை 1905-லேயே ஜே. ஜே. காட்டன் சென்னை மாகாணம் முழுக்கத் தொகுத்துவிட்டார். நம் ஆட்களுக்கு அப்படி யாரும் செய்யவில்லை.

நிலம் யாருடையது

இது சுருக்கமான வேலை, ஆனால் செய்தே ஆக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேளுங்கள். 'அ' பதிவேட்டில் (ஊர் நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்த எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது, மயானப் புறம்போக்கா, கோயில் பேரில் பட்டாவா என்று பார்த்து, புல வரைபடத்தின் நகலும் வாங்குங்கள். 'அ' பதிவேட்டுப் பிரதியை அரசின் இணையதளத்திலும் எடுக்கலாம். பழைய ஆவணம் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தர்மபுரி மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்தும் பிரிந்தவை. 1965-க்கு முந்தைய காகிதத்தைச் சேலம் என்ற பேரில்தான் தேட வேண்டும், மாவட்ட ஆவண அறையிலோ சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ. அளவில் நிலம் குறைந்திருப்பது தெரிந்தால் உடனே யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு அளவையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.

ஆட்களிடம் கேட்பது

இதைத்தான் கல்லறைத் திருநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்று மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு எல்லோரும் வருவார்கள். பெங்களூர், ஓசூர், திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். எந்த ஆயா எந்த மேட்டுக்கு முன்னால் போய் நிற்கிறார் என்று கவனியுங்கள். கல் இல்லாத மேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினால் பக்கத்தில் போய், அவர் செபித்து முடிக்கும்வரை காத்திருந்து, "யாரும்மா இது?" என்று கேளுங்கள். அந்த ஒரு நாளில் மேடுகளுக்குக் கிடைக்கும் பேர் வேறு எந்த நாளிலும் கிடைக்காது.

எந்த வருஷம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. எதற்கு முன்னே, எதற்குப் பின்னே என்று கேளுங்கள். கிருஷ்ணகிரி அணை கட்டினபோதா, நேரு செத்த வருஷமா, இந்திரா காந்தியைச் சுட்டதற்கு முன்னாலா, எம்.ஜி.ஆர். போன பிறகா? பெண்களிடம் அவரவர் பிரசவத்தோடு சேர்த்துக் கேட்பது இன்னும் நல்லது. "பெரியவன் வயித்துல இருந்தப்பதான் நாத்தனா போனா நர்ஸம்மா" என்று ஒருவர் சொன்னால், பெரியவனின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் இருக்கும். ஒப்பாரி பாடத் தெரிந்தவர்கள் இருந்தால் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அவர்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். முறை சொல்லி அழுகிற பாட்டில் இரண்டு மூன்று தலைமுறைப் பேரும் சொந்தமும் வந்துவிடும்.

கேட்டது, புத்தகத்தில் இருப்பது, கல்லில் இருப்பது மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். மூன்று பத்தியாக எழுதுங்கள். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். ஆயா சொன்னது தவறு என்று தோன்றினால்கூட அடிக்காதீர்கள். அவர் சொன்ன ஆள் பக்கத்து மேட்டில் இருக்கலாம்.

எதை வெளியே சொல்வது

எழுதுவதெல்லாம் அச்சுக்குப் போக வேண்டியதில்லை. சாவின் காரணம், தற்கொலை, கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளை, இவையெல்லாம் உயிரோடு இருக்கும் குடும்பத்தைத் தொடுகிற விஷயங்கள். கடந்த ஐம்பது ஆண்டுக்குள் நடந்தவற்றில் பேர், தேதி, இடம் மட்டும் போதும் என்பது நான் வைத்துக்கொண்ட எல்லை. அதற்கு முந்தியதிலும் குடும்பம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேலை பார்த்த காலத்தில் பிரசவ அறையில் கேட்டதை நான் வெளியே சொன்னதில்லை, இதிலும் அப்படித்தான்.

பட்டியல் ஓரளவு சேர்ந்ததும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பங்கு அலுவலகத்துக்கு, ஒன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு, ஒன்று ஊரில் பொறுப்பான ஒரு வீட்டுக்கு. பென்டிரைவ் மட்டும் கொடுத்தால் ஐந்து வருஷத்தில் யாராலும் திறக்க முடியாமல் போகலாம்; நல்ல தாளில் அச்சடித்துப் பைண்டிங் செய்து கொடுங்கள். ஒவ்வொரு பேருக்கும் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள்.

அப்புறம் அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் முழுப் பட்டியலையும் வரைபடத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாசலில் கட்டுங்கள். ஐப்பசி மழைக்குத் தாங்க வேண்டும். வயதானவர்கள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகளை நோட்டோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். பேர் தப்பு, தேதி தப்பு, எங்கள் சித்தி விட்டுப்போச்சு என்று வந்து நிற்பார்கள். யார் சொன்னார்கள், எந்த மேட்டைக் காட்டினார்கள் என்பதோடு எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகள் எழுதட்டும்.